கைப்பிடி அரிசியிலிருந்து அசனப் பந்தி வரை: எங்கள் பக்கத்துச் சபைகளில் நன்றி செலுத்தும் முறை

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் வளர்ந்தவர்களுக்கு, ஆண்டவருக்குத் துதியும் நன்றியும் என்று பொருள்படும் "ஸ்தோத்திரம்" அன்றாடச் சொல். எதிரே வருகிறவருக்கும் ஸ்தோத்திரம், கடிதத்தின் முதல் வரியிலும் ஸ்தோத்திரம். நித்தம் சொல்கிற சொல் சீக்கிரம் தேய்ந்துபோகும். அது தேயாமல் இருக்க நம் பாட்டிமார் அதைச் சமையலறையிலும் களத்திலும் பந்தியிலும் சில வேலைகளோடு சேர்த்துக் கட்டிவைத்தார்கள். அந்த வேலைகள் முறையாக நடக்கிற ஊர்களில் சபையும் குடும்பமும் ஒரே வீடு போல இருக்கும். முறை தவறினால் ஐந்தாறு வருஷத்திலேயே பண்டிகை வெறும் செலவாகிவிடும், கமிட்டிக்குச் சண்டைதான் மிஞ்சும். அந்த வேலைகளை எப்படிச் செய்வது, எந்த இடத்தில் கெடும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

இந்த ஏற்பாடுகளுக்குக் காரணம் ஊர்கள் பிறந்த விதத்திலேயே இருக்கிறது. விசுவாசத்தினால் சொந்த ஊரில் குடியிருக்க முடியாமல் போனவர்களுக்காக நிலம் வாங்கி, 1799-இல் உண்டாக்கப்பட்ட ஊர் முதலூர். அப்படிப் பிறந்த முதல் ஊர் என்பதைப் பெயரே சொல்கிறது. பின்னால் மிஷனெரி ரேனியஸ் ஐயர் (போதகரை இங்கே ஐயர் என்போம்) 1830-இல் தொடங்கிய தர்ம சங்கமும் இப்படி ஒண்டவந்தவர்களுக்கு நிலமும் வீடும் கிடைக்க உதவியது. மாமன் மச்சான் உறவை விட்டுவிட்டு வந்தவர்களுக்குப் பிள்ளைப்பேறு பார்க்க, பிணம் தூக்க, கல்யாணத்துக்கு உலை வைக்க அடுத்த வீட்டு விசுவாசிதான் இருந்தார். ஆகவே சபைக்கு நன்றியாக இருப்பது என்றால் அடுத்த வீட்டுக்காரருக்கு நன்றியாக இருப்பது என்றே இங்கே அர்த்தமாகிவிட்டது.

முதலில் கைப்பிடி அரிசி. உலைக்கு அரிசியை அளந்ததும், களைவதற்கு முன்னால், ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடுவது. இவ்வளவுதான் முறை. ஆனால் "அளந்ததிலிருந்து" என்பதைக் கவனியுங்கள். மூட்டையிலிருந்து கூடுதலாக ஒரு பிடி அள்ளிப் போடுவது சுலபம். அதில் வீட்டார் யாரும் எதையும் விட்டுக்கொடுப்பதில்லை. நம் தட்டுக்கு வரவேண்டிய சோற்றில் ஒரு கவளம் குறைய வேண்டும். அந்தக் குறைவுதான் காணிக்கை.

பெரியவர்கள் கையால் ஒரு பிடி 40 முதல் 50 கிராம் வரும். நாளுக்கு ஒரு பிடி என்றால் மாதத்தில் ஒன்றேகால், ஒன்றரை கிலோ. 80 வீடுகள் தவறாமல் வைத்தால் மாதம் ஏறக்குறைய 100 கிலோ தேறும். ஒரு வீட்டுக்கும் கனக்காது, பத்துப் பன்னிரண்டு ஏழைக் குடும்பங்களுக்கு அரிசிக் கவலை பாதி தீரும். பிள்ளைகள் கையில் பிடித்தால் 20 கிராம்தான் வரும். அளவைப் பார்க்காமல் பிள்ளையையே போடச் சொல்லுங்கள். ஆறு வயதில் அந்த டப்பாவில் கைவிட்ட பிள்ளைக்கு நன்றி என்றால் என்னவென்று பிறகு யாரும் பிரசங்கம் பண்ண வேண்டியதில்லை.

கெடுகிற இடங்கள் சிறியவை, ஆனால் ஏற்பாட்டையே நிறுத்திவிடக்கூடியவை. ஈரக் கையோடு அள்ளினால் பத்து நாளில் கட்டி விழும், புழுங்கின வாடை வரும். அதனால்தான் களைவதற்கு முன்னால் எடுக்கச் சொல்வது. மூடி இறுகாத டப்பாவில் வண்டு வரும். மூன்று கிலோ கொள்ளும், மூடி நன்றாக இறுகுகிற டப்பா போதும். அடியில் நாலைந்து காய்ந்த மிளகாயும், நிழலில் உலர்த்திய வேப்பிலையும் போட்டுவையுங்கள். மாதம் ஒருமுறை கொட்டிக் கொடுத்ததும் டப்பாவைக் கழுவி ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவிட வேண்டும். பழைய அரிசியில் நாலு மணி ஒட்டியிருந்தாலும் அதிலிருந்து வண்டு புது அரிசிக்கும் ஏறும்.

கோயிலில், அதாவது தேவாலயத்தில், சேர்க்கும்போது நடக்கிற பெரிய பிழை, எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டுவது. புழுங்கலும் பச்சையும் இட்லி அரிசியும் கலந்த சாக்கை வாங்கிக்கொண்டு போகிற வீட்டில் சோறு பாதி குழையும், பாதி நறுக்கென்று நிற்கும். கொடுத்தவர் அறியாமலே வாங்கினவருக்கு அது அவமானம். சாக்குகளைத் தனித்தனியாக வைத்து, பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இரண்டு பேர் வாசலிலேயே பார்த்துப் பிரித்துப் போட வேண்டும். ரேஷன் அரிசிக்கு என்று தனிச் சாக்கு கட்டாயம். அதை விற்பது சட்டப்படி குற்றம். ஏலத்துக்கோ கடைக்கோ அது போகக்கூடாது. கோயிலில் கஞ்சி காய்ச்சுகிற நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். ரேஷன் அரிசிதான் வீட்டில் இருக்கிறது என்பதற்காக ஒரு விதவை அம்மா டப்பாவைக் கொண்டுவரக் கூச்சப்படும் நிலைமை வந்துவிடவே கூடாது. அவர் பிடித்த பிடிதான் அந்த மாதத்தின் பெரிய பிடி.

யார் எவ்வளவு கொண்டுவந்தார்கள் என்று வாசிக்க வேண்டாம். யாருக்குக் கொடுக்கிறோம் என்பதை நிச்சயமாக வாசிக்க வேண்டாம். ஐயரும் ஐக்கிய சங்கத்தில் விவரம் தெரிந்த இரண்டு பெண்களும் உட்கார்ந்து பட்டியல் போட்டு, அன்று சாயங்காலமே வீடுதேடிக் கொண்டுபோய் வைத்துவிட்டு, ஒரு ஜெபம் பண்ணிவிட்டு வருவது நல்லது. ஆராதனை முடிவில் முன்னால் கூப்பிட்டுக் கொடுத்துப் படம் எடுத்த ஊர்களில், அடுத்த மாதத்திலிருந்து தேவையுள்ளவர்கள் "எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். பசியோடு இருக்கிறவருக்கும் முகம் உண்டு.

பட்டணத்துச் சபைகளில் இப்போது அரிசிக்குப் பதில் மாதம் இவ்வளவு ரூபாய் என்று கவரில் போடுகிறார்கள். கணக்குக்கு அது வசதி. ஆனால் மாதத்தில் முப்பது தடவை நடந்த காரியம் ஒரு தடவையாகச் சுருங்கிவிடுகிறது, அதுவும் பிள்ளைகள் கண்ணில் படாமல். பணம் கொடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. டப்பாவையும் அடுப்பு மேடையை விட்டு எடுத்துவிடாதீர்கள். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கினபோது, நம் ஜனங்களின் காணிக்கையைக் கொண்டே நம் ஊழியர்களை அனுப்புவோம் என்றார்கள். வேதநாயகம் அசரியா அதன் முதல் செயலாளர். பிறகு தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லில் பேராயரானார். பனையேறியும் வயலில் இறங்கியும் வாழ்ந்த ஜனங்களின் சிறு காணிக்கைகளில் நின்ற சங்கம் அது. சிறு கை பெரிய வேலை செய்யும் என்று நம்புவதற்கு நாம் வெளியே எங்கும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

அடுத்து குடும்ப ஜெபம். இதைப்பற்றி எல்லாருக்கும் தெரியும், எல்லார் வீட்டிலும் விட்டுப்போவதும் இதுதான். விட்டுப்போவதற்கு முதல் காரணம் நீளம். பதினைந்து நிமிஷத்துக்குள் முடிகிற ஜெபம் வருஷக் கணக்கில் நிற்கும். முக்கால் மணி நேரம் இழுக்கிறது மூன்று வாரம் தாண்டாது. ஒரு பாட்டு, அதுவும் இரண்டு சரணம். ஒரு சங்கீதம் அல்லது ஒரு பகுதி, ஆளுக்கு ஒரு வசனமாக. பிறகு ஒவ்வொருவரும் அன்றைக்கு நடந்த ஒரு காரியத்தைச் சொல்லி ஸ்தோத்திரம் சொல்வது. கடைசியில் பரமண்டல ஜெபம். அவ்வளவே. நேரம் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் இருக்கட்டும். சாப்பிட்ட பிறகு என்றால் சின்னது தூங்கிவிடும், பெரியது போனை எடுத்துவிடும்.

இரண்டாவது காரணம் கொஞ்சம் கசப்பானது. ஜெபத்தில் பிள்ளைகளைத் திட்டுவது. "ஆண்டவரே, கணக்கில் குறைவாக மார்க் வாங்கின இந்தப் பிள்ளைக்கு நல்ல புத்தியைத் தாரும்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுகிறோம். பிள்ளைக்கு அது பெல்ட் அடியைவிட உறைக்கும். பதில் சொல்லவும் வழியில்லை. அந்த வீட்டில் ஜெப நேரம் வந்தாலே பிள்ளைக்கு வயிறு வலிக்கும். மார்க்கைப்பற்றிச் சாப்பாட்டு மேசையில் பேசுங்கள். ஜெபத்தில் அந்தப் பிள்ளை அன்று செய்த ஒரு நல்ல காரியத்தைப் பேர் சொல்லி நன்றி சொல்லுங்கள். தண்ணீர்க் குடம் எடுத்து வைத்தது, தம்பிக்கு ஷூ கயிறு கட்டிவிட்டது என்று எதுவானாலும் சரி. சமைத்தவருக்கு நன்றி சொல்வதும் அப்படியே. "இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம்" என்று ஆண்டவரிடம் சொல்லிவிட்டு, காலை ஐந்தரைக்கு எழுந்து தோசை வார்த்தவள் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டு எழுவது பல வீடுகளில் வழக்கம். 103-ஆம் சங்கீதம் உபகாரங்களை மறக்காதே என்று சொல்வது அடுப்பங்கரையில் தொடங்கட்டும்.

கோயிலில் செலுத்துகிற ஸ்தோத்திரக் காணிக்கை பற்றி இரண்டே வார்த்தை. கவரோடு வைக்கிற சீட்டில் "சகல நன்மைகளுக்காக" என்று எழுதினால் சபைக்கு ஒன்றும் தெரியாது. "மகன் டெங்குக் காய்ச்சலிலிருந்து சுகமானதற்காக", "கிணற்றில் தண்ணீர் வந்ததற்காக" என்று எழுதினால், அதைக் கேட்கிற அத்தனை பேரும் அன்றைக்கு உங்கள் சந்தோஷத்தில் பங்காளிகள். சனிக்கிழமை சாயங்காலமே சீட்டைக் கொடுத்துவிட்டால் ஐயர் பெயர்களைப் பிழையில்லாமல் வாசிப்பார். தொகையை வாசிக்கிற வழக்கம் இருந்தால் அதை நிறுத்தக் கமிட்டியில் பேசுங்கள். ஐம்பது ரூபாய் கொண்டுவந்தவரும் ஐயாயிரம் கொண்டுவந்தவரும் ஒரே பெஞ்சில் நிம்மதியாக உட்கார அது ஒன்றே வழி.

அறுப்பின் பண்டிகைக்கு வருவோம். வாழைத்தார், நெல், தேங்காய், முருங்கைக்காய், கருப்பட்டி, பனங்கிழங்கு, கோழி, ஆட்டுக்குட்டி, வீட்டில் சுட்ட கேக், கையால் தைத்த தலையணை உறை என்று பீடத்தைச் சுற்றிக் குவியும். ஆராதனை முடிந்து வெளியே ஏலம். ஏலத்தை நடத்துவது ஒரு கலை. முதலில் பிள்ளைகள் கொண்டுவந்த பொருள்கள் போகட்டும்: ஒரு முட்டை, ஒரு எலுமிச்சை. அதை நல்ல விலைக்குக் கேட்க ஆள்களை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பிள்ளையின் முகம் அந்த வருஷம் முழுக்க மலர்ந்திருக்கும். அடுத்து உயிருள்ளவை. கோழியும் ஆடும் காலையிலிருந்து கட்டிக்கிடக்கின்றன, நிழலும் தண்ணீரும் வைத்திருக்க வேண்டும், ஏலத்தில் அவற்றை முந்தித் தள்ளிவிட வேண்டும். பிறகு பழம், காய். நெல்லும் தேங்காயும் கருப்பட்டியும் எவ்வளவு நேரமானாலும் கெடாது, அவை கடைசியில்.

ஏலத்தைக் கெடுப்பது வீம்பு. இரண்டு பேர் ஒரு வாழைத்தாருக்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று ஏற்றிக்கொண்டே போனால் கூட்டம் கைதட்டும். காணிக்கை கூடும்தான். ஆனால் அந்தத் தார் வீட்டுக்குப் போனதும் வீட்டில் சண்டை, மூன்று மாதம் கழித்து ஏலப் பாக்கி, அதைக் கேட்கப் போன கமிட்டிக்காரரோடு மனஸ்தாபம், அப்புறம் அந்தக் குடும்பம் கோயிலுக்கு வருவதையே நிறுத்துவது என்று அது நீளும். ஏலம் போடுகிறவர் நல்ல மனுஷராக இருந்தால், ஒரு கட்டத்தில் தாரை இரண்டாக அறுத்து இருவருக்கும் கொடுத்து முடித்துவிடுவார். பாக்கி வைத்தால் எத்தனை நாளில் கட்ட வேண்டும் என்பதை ஏலத்துக்கு முன்பே அறிவித்து, அந்த இடத்திலேயே ரசீது எழுதிவிட்டால் பாதித் தொல்லை இல்லை. நிலமில்லாத கூலி வேலைக்காரர்களுக்கும் ஆபீஸ் வேலைக்காரர்களுக்கும் "எனக்கு அறுப்பு ஏது" என்ற எண்ணம் வரும். முதல் வாரச் சம்பளத்தில் வாங்கின ஒரு கிலோ துவரம்பருப்பும் முதற்பலன்தான் என்று முந்தின ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

இனி அசனம். கோயிலைப் பிரதிஷ்டை செய்த நாளை நினைத்துக் கொண்டாடுகிற பிரதிஷ்டைப் பண்டிகையை ஒட்டி ஊருக்கே வைக்கிற விருந்து. கிறிஸ்தவர், இந்து, முஸ்லிம், வழிப்போக்கர் என்று யார் வந்தாலும் உட்காரவைத்துப் பரிமாறுவது. சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் பெரும்பாலான ஊர்களின் வழக்கம். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டும், ஆடாகவும் அரிசியாகவும் நேர்ந்துகொண்டவர்களிடம் வாங்கியும் சேர்ப்பார்கள். பண்டாரிகளுக்கு (கூலிச் சமையல்காரர்களுக்கு)க் கூலி கொடுத்துச் சமைப்பதைவிட, ஊர் ஆண்களே தலைமைச் சமையல்காரர் ஒருவரின் சொற்படி இரவெல்லாம் விழித்திருந்து செய்வதில்தான் அசனத்தின் உயிர் இருக்கிறது. வெங்காயம் உரிக்கிற இடத்தில் தீர்ந்த பழைய பகைகள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு.

ஆயிரம் பேருக்கு என்று வைத்துக்கொண்டால் ஆளுக்கு 150 கிராம் வீதம் 150 கிலோ அரிசி. கறி ஆளுக்கு எலும்போடு 100 கிராம், ஆக 100 கிலோ. உயிரோடு 20 கிலோ நிற்கிற கிடாயில் ஒன்பது, பத்துக் கிலோ கறிதான் தேறும். பதினொரு கிடா வேண்டும். சின்ன வெங்காயம் 30 கிலோ, தக்காளி 20, பூண்டு 6, இஞ்சி 4, மல்லித்தூள் 8, மிளகாய்த்தூள் 4, மஞ்சள்தூள் முக்கால், சோம்பும் சீரகமும் ஒவ்வொரு கிலோ, தேங்காய் 60, எண்ணெய் 12 முதல் 15 லிட்டர். குழம்புக்கு உப்பு மூன்று கிலோ வரை ஆகும். முதலில் இரண்டு கிலோவோடு நிறுத்திக்கொண்டு, கறி வெந்த பிறகு ருசி பார்த்துச் சேர்க்க வேண்டும். கொதித்து வற்றும்போது உப்பு ஏறும். விடிகிற நேரத்துத் தூக்கக் கலக்கத்தில் இரண்டு பேர் தனித்தனியாக உப்புப் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிற விபத்து. உப்புச் சட்டி ஒருவர் பொறுப்பில் மட்டும் இருக்கட்டும்.

கறி வேகாமல் போவதற்கு, முற்றின கிடாயையும் குட்டியையும் ஒரே கிடாரத்தில் (பெரிய சமையல் பாத்திரத்தில்) போடுவதுதான் காரணம். குட்டிக் கறி கரைந்துபோகும்போது முற்றல் இன்னும் ரப்பராக இருக்கும். வெட்டுகிற இடத்திலேயே பிரித்து, முற்றலை ஒரு மணி நேரம் முந்தி அடுப்பில் ஏற்ற வேண்டும். ஆட்டை முந்தின நாள் சாயங்காலம் அறுத்து இரவு முழுக்க வெளியே வைப்பது ஆபத்து. அதிகாலை இரண்டு மணிக்கு அறுத்து, நாலு மணிக்கு அடுப்பில் ஏற்றிவிட்டால் கவலையில்லை. செம்பு, பித்தளைப் பாத்திரமானால் உள்ளே ஈயம் பூசியிருக்கிறதா என்று பத்து நாள் முந்தியே பாருங்கள். பூச்சு போன இடத்தில் தக்காளிப் புளிப்புப் பட்டால் களிம்பு ஏறும், வயிற்றைக் கலக்கும். தேங்காய் அரைப்பைக் கடைசியில் ஊற்றி ஒரு கொதியில் இறக்கிவிட வேண்டும். தேங்காய் சேர்ந்த குழம்பு சீக்கிரம் திரியும் என்பதால் மிச்சத்தைச் சாயங்காலம் நாலு மணிக்குள் பங்கிட்டு முடித்துவிடுங்கள், சூடாக்கிக்கொள்ளச் சொல்லி.

சோறு விஷயத்தில் அவசரம்தான் எதிரி. 25 கிலோ அரிசி ஒரு கிடாரத்துக்கு. மூன்று அடுப்பு இருந்தால் இரண்டு தடவையில் முடியும். முழுப் பதத்துக்கு முன்பே, நடுவில் ஊசி முனை அளவு வெள்ளை நிற்கும்போதே வடித்துவிட வேண்டும். பனம்பாயில் வெள்ளை வேட்டி விரித்துக் கொட்டும்போது, குவியலின் சூட்டிலேயே மிச்சம் வெந்துவிடும். முழுக்க வேகவிட்டுக் கொட்டினால் அடிச்சோறு களியாகும். குவியல் ஒரு அடிக்கு மேல் உயரக்கூடாது. உள்ளே ஆவி அடைந்தால் புளிக்கத் தொடங்கும். காலையிலேயே 150 கிலோவையும் வடித்துவைத்துவிட்டு "வேலை முடிந்தது" என்று உட்கார்ந்த ஊர்களில், பிற்பகல் இரண்டு மணிப் பந்திக்கு வாடை அடித்த சோறு போயிருக்கிறது. பாதியைப் பதினொரு மணிக்கும், மீதியைப் பந்தி ஓடிக்கொண்டிருக்கும்போதும் வடியுங்கள்.

கறி சாப்பிடாதவர்களுக்கு ஒரு சாம்பார் தனி அடுப்பில், தனிக் கரண்டியோடு, தனி ஆள் கையில் இருக்கட்டும். அக்கம்பக்கத்து வீட்டார் நம்பி வந்து உட்காருகிறார்கள். கறிக் கரண்டி ஒரு தடவை சாம்பாரில் விழுந்தால் அந்த நம்பிக்கை போய்விடும்.

இருநூறு பேர் உட்காருகிற பந்தி ஆறு நடந்தால் ஆயிரம் பேரும் பரிமாறினவர்களும் சாப்பிட்டு முடியும். ஒரு பந்திக்கு 25 நிமிஷமும், இலை எடுத்துத் துடைக்க ஐந்து நிமிஷமும். இலை பத்துக்கு ஒன்று கிழிசலாக வரும், கூடுதலாகச் சொல்லுங்கள். 25 பேருக்கு ஒரு சோற்று வாளி, ஒரு குழம்பு வாளி. எல்லா அசனத்திலும் எழுகிற குறை ஒன்றுதான்: முதல் பந்திக்குக் கறி, கடைசிப் பந்திக்குக் குழம்பு. கிடாரத்திலிருந்து நேராக அள்ளினால் அப்படித்தான் ஆகும். இறக்கினவுடனே கறியை ஆறு அண்டாவில் சமமாகப் பிரித்து மூடி, பந்திக்கு ஒன்றாகத் திறக்க வேண்டும். ஒரே அளவுக் கரண்டி, ஆளுக்கு நாலு துண்டு. இரண்டாம் தடவை கேட்பவருக்குக் குழம்பு மட்டும். இந்தக் கண்டிப்பை அன்பாகச் செய்யத் தெரிந்தவரைப் பரிமாறப் போடுங்கள்.

தனிப் பந்தி கூடாது. நம் சபைகளின் சரித்திரத்தில் சாதி பார்த்து உட்கார்ந்த காலம் உண்டு. அந்த வெட்கத்தை மறைக்க வேண்டாம், திரும்பவும் நுழையவிடவும் வேண்டாம். கமிட்டியாருக்கும் விருந்தாளிகளுக்கும் அறைக்குள் மேசை போடுவதும் அதே வாசலைத்தான் வேறு பேரில் திறக்கிறது. வரிசையில் யார் பக்கத்தில் இடம் இருக்கிறதோ அங்கே உட்காருவதுதான் அசனம்.

முதல் பந்திக்கு முன்பே, படுக்கையில் கிடக்கிறவர்களுக்கும் பிள்ளை பெற்றிருக்கிறவர்களுக்கும் தெருவாரியாகப் பட்டியல் போட்டுத் தூக்குவாளியில் சோறு போய்விட வேண்டும். வாலிபர் சங்கத்துப் பையன்களுக்கு இந்த வேலை பொருத்தம். அடுப்படியில் இரவெல்லாம் நின்றவர்களுக்குக் காலையில் கஞ்சியும் துவையலும் தனியாக வைக்க மறக்காதீர்கள். மசாலாப் புகையில் நின்றவர்களுக்குக் கறி இறங்காது; பலபேர் வெறும் வயிற்றோடு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுகிறார்கள். இரவல் வாங்கின பாத்திரங்களைப் பெயிண்டு அடையாளம் பார்த்து மறுநாளே திருப்பி, வரவுசெலவை அடுத்த ஞாயிறே வாசித்துவிட்டால் அசனம் முடிந்தது.

ஆனால் சபை வீடு போல இருக்கிறதா என்பதைப் பண்டிகையை வைத்துச் சொல்ல முடியாது. நோயிலும் சாவிலும்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியில் ஒருவர் படுத்தால் முப்பது பேர் ஒரே நாளில் போய் நிற்பதால் அந்த வீட்டுக்கு உபகாரம் இல்லை. துணைக்கு இருக்க ஆள் முறை போடுவது உபகாரம்: பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர். வீட்டில் இருக்கிற பிள்ளைகளுக்குச் சாப்பாடும் பள்ளிக்கூட வேனும் பார்க்க இன்னொருவர். வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்களும் நோயாளிகள். ஜெபம் மெல்லிய குரலில், இரண்டு நிமிஷம் போதும். இரத்தம் கொடுக்க முன்வருகிறவர்களின் பட்டியலை வாலிபர் சங்கம் வகை வாரியாக வைத்திருக்க வேண்டும். 18 முதல் 65 வயது, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறை கொடுக்கலாம். கடைசியாகக் கொடுத்த தேதியைக் குறித்துவைக்காத பட்டியலை நடுராத்திரியில் நம்ப முடியாது.

சாவு வீட்டில் அடுப்பு எரியாது. முதல் நாள் காப்பியும் கஞ்சியும் எந்தத் தெருவிலிருந்து, மறுநாள் சாப்பாடு எந்த வீடுகளிலிருந்து என்று ஐயருக்குத் துணையாக ஊழியம் செய்கிற உபதேசியார் ஒருவர் கையில் பொறுப்பு இருந்தால், ஒரே நேரத்தில் எட்டு அண்டா உப்புமா வந்து நிற்காது. பெட்டி, குழி, பாடகர் குழு, கல்லறைத் தோட்டத்துக்கு விளக்கு எல்லாவற்றையும் வீட்டாரைக் கேட்காமலே செய்துவிடலாம். புகைப்படம் எதை வைப்பது, என்ன பாட்டு பாடுவது என்பதை மட்டும் அவர்களிடம் கேளுங்கள். பணம் கொடுக்கிறவர்கள் கவரில் பெயர் எழுதி, வீட்டு மூத்த பெண்ணின் கையில் கொடுப்பது நல்லது. கூட்டத்தில் யார் சட்டைப் பைக்கோ போன பணம் பிறகு உறவுக்குள் சந்தேகத்தை உண்டாக்கும்.

பத்து நாள் கழித்து எல்லாரும் போய்விடுவார்கள். அப்போதுதான் வேலை. அந்த மாதத்து மின்சாரக் கட்டணத்தை யார் கட்டுவது, பென்ஷனுக்கும் வாரிசுச் சான்றுக்கும் தாலுகா ஆபீசுக்கு யார் கூடப் போவது என்பதைச் சபையில் காகித வேலை தெரிந்த ஒருவர் எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் கிறிஸ்துமஸுக்கு அந்த வீட்டில் பலகாரம் சுட மாட்டார்கள். சுட்டு எடுத்துக்கொண்டு போங்கள். எல்லாவற்றிலும் கடினம் அடக்கத்துக்குப் பிறகு வருகிற முதல் ஞாயிறு. நாற்பது வருஷம் கணவரோடு நடந்துவந்த அம்மா அந்தத் தெருவைத் தனியாகக் கடந்து, எல்லார் கண்ணும் பார்க்கக் கோயில் படி ஏற வேண்டும். பலபேர் அந்த ஒரு நடைக்குப் பயந்தே மாதக்கணக்கில் வராமல் இருந்துவிடுகிறார்கள். ஆகவே முதல் மணி அடிக்கும்போதே ஐக்கிய சங்கத்துப் பெண்கள் இரண்டு பேர் வேதப்புத்தகத்தோடு அவர் வாசலில் நிற்க வேண்டும். "வாங்கக்கா, போவோம்" என்றால் போதும். அவர் வழக்கமாக உட்காருகிற பெஞ்சிலேயே, இரண்டு பக்கமும் ஆளாக.